மணல் நிலமும் வட்டத் தோட்டமும்

மலைநாட்டிலே தோன்றி, 335 கிலோமீற்றர் தூரம் ஓடி, இலங்கையின் மிக நீண்ட நதி என்ற பெயரையும் பெற்றுக்கொண்டு வருகின்ற மகாவலி கங்கை, கடலோடு கலப்பதற்குத் தேர்ந்துகொண்ட இடம் கொட்டியாரக் குடா. அக்குடாவின் தென்கரையிலே, திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்முகமாக அமைந்த மூதூரில், நதி இத்தனை அருகில் இருந்தும், வீட்டு வளவில் ஒரு கத்தரிச் செடியை ஆவணி மாதம் வரை உயிரோடு வைத்திருப்பது எளிய காரியமன்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறதாயினும், அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையுள்ள மாரிக்காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பின்னர், வைகாசிக்கு மேல் மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி இறங்கி வருகின்ற கச்சான் காற்று, இலையின் ஈரத்தையும் மண்ணின் ஈரத்தையும் ஒருங்கே உறிஞ்சிக்கொண்டு போகிறது. மண்ணோ கடற்கரை மணல். நூறு கன அடி மணல் தன்னுள் நிறுத்தி வைத்திருக்கக்கூடிய நீர் ஏறக்குறையப் பத்துக் கன அடியே. அதே அளவு களிகலந்த வண்டல் மூன்று மடங்கு நீரைத் தாங்கும்.

தோட்ட அமைப்பைப் பற்றி எழுதுவோர் வட்டத்தைப் பெரும்பாலும் ஓர் அலங்காரமாகவே கருதி, முற்றத்தின் நடுவே வட்டமாகப் பூஞ்செடி வைத்தல், வளைந்து செல்லும் நடைபாதை அமைத்தல் என்று கண்ணுக்கு இனிமையான விஷயங்களையே விசேஷமாகப் பேசுவது வழக்கம். சௌந்தரியத்தை நான் வெறுப்பவனல்லன். ஆயினும், மூதூரைப் போன்ற மணற்பாங்கான வறண்ட பிரதேசத்திலே வட்டம் என்பது முதலில் ஒரு பௌதிக நிர்ப்பந்தம், அதற்குப் பின்னரே அழகு என்பது என் கருத்து. மண் சரியும் விதமும், நீர் பரவும் விதமும், வேர் ஓடும் விதமும் வட்டத்தையே நாடுகின்றன என்பதையும், அவ்வட்டத்தை நிலைநிறுத்துவதற்கு வேண்டிய பொருள்களைத் தென்னையும் பனையும் சூளையும் நமக்கு முன்னமே தந்திருக்கின்றன என்பதையும் இங்கே சற்று விரித்துச் சொல்ல முயல்கிறேன்.

இதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கிணற்றடியைப் பார்த்தாலே போதும். எவரும் படம் வரைந்து திட்டமிடாமல், தலைமுறை தலைமுறையாக இப்பகுதியில் உருவாகி வந்திருக்கும் தோட்டம் கிணற்றடித் தோட்டமே. நடுவில் வட்டமான கிணறு, அதைச் சுற்றிக் குளிப்பதற்கும் துவைப்பதற்குமான தளம், தளத்திலிருந்து வழிந்தோடும் நீர் தேங்கும் பள்ளத்திலே நாலைந்து வாழை, அவற்றின் நிழலில் சேம்பு, சற்று விலகி ஒரு முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, அதற்கப்பால் தென்னை. நீர் அதிகம் வேண்டுகின்ற பயிர் நடுவிலும், குறைவாக வேண்டுகின்ற பயிர் புறத்திலுமாக, ஈரத்தின் தரத்தை அனுசரித்து ஒன்றையொன்று சூழ்ந்த வளையங்களாக இத்தோட்டம் அமைந்துவிடுகிறது. குளிக்கும் நீர் வீணாவதில்லை. வாழைக்கென்று தனியாக இறைக்கவும் வேண்டியதில்லை.

வட்டத்துக்கு உள்ள முதற் சிறப்பு கணிதத்தைச் சார்ந்தது. வட்டத்தின் பரப்பைக் காண்பதற்குச் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கவேண்டும் என்ற விதியைக் காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ கூறுகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதை மனனம் செய்தார்கள். அதே விதியைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆடு மாடு நுழையாதபடி கீரைப் பாத்தி ஒன்றைக் கதியால் நட்டு அடைக்க விரும்புகின்ற ஒருவரிடம் 20 மீற்றர் வேலிக்கு வேண்டிய கதியாலும் கிடுகுமே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவர் 8 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமுமாக அடைத்தால் கிடைக்கும் நிலம் 16 சதுர மீற்றர். சதுரமாக அடைத்தால் 25. வட்டமாக அடைத்தாலோ 31.8. அதே வேலி, அதே கூலி, ஆனால் நீள்சதுரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நிலம். ஒரே சுற்றளவுள்ள உருவங்களுள் வட்டமே மிகுதியான பரப்பைக் கொள்ளும் என்னும் இவ்வுண்மையைக் கிரேக்க கணிதர் செனோடோரஸ் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தார். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டைனரும் அவருக்குப் பின் வயர்ஸ்ட்ராஸும் முயன்ற பின்னரே அது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

இதை மறுதலையாகவும் சொல்லலாம். குறிப்பிட்ட ஒரு பரப்பை அடைக்க வட்டத்துக்கு வேண்டிய விளிம்பு, சதுரத்துக்கு வேண்டியதைவிட நூற்றுக்குப் பதினொன்று குறைவு. விளிம்பு என்பது மணல் நிலத்திலே வெறும் கோடன்று. உயர்த்திய பாத்தியொன்றின் ஈரம் கசிந்தும் உலர்ந்தும் போகின்ற வழி அது. விளிம்பு குறையக் குறைய இழப்பும் குறைகிறது, அதைக் கட்டுவதற்கு வேண்டிய செங்கல்லும் குறைகிறது.

இரண்டாவது சிறப்பு வலிமையைப் பற்றியது. அதனைக் கிணறு நன்றாக விளக்கும். மணலிலே குழி தோண்டியவர் எவரும் அறிவர், தோண்டத் தோண்டப் பக்கங்கள் உள்ளே சரிந்து வரும். சதுரமாகச் சுவர் எழுப்பினால், மண்ணின் அழுத்தம் ஒவ்வொரு பக்கத்தின் நடுவையும் உட்புறமாக வளைக்கும்; வளையும்போது சுவரின் உள்முகம் இழுபடும்; செங்கல்லும் கல்லும் எவ்வளவு நசுக்கினாலும் தாங்குமேயன்றி இழுப்பைத் தாங்கமாட்டா. வட்டச் சுவரில் இழுப்பு என்பதே தோன்றுவதில்லை. தோளோடு தோள் நெருக்கி வளையமாக நிற்கும் ஆட்களை நாற்புறத்திலிருந்தும் தள்ளினால் அவர்கள் இன்னும் இறுகுவார்களேயன்றிக் கலையமாட்டார்கள். அவ்வாறே வெளியிலிருந்து வருகின்ற அழுத்தம் ஒவ்வொரு செங்கல்லையும் அடுத்த செங்கல்லோடு சேர்த்து நெருக்கிவிடுகிறது. சுண்ணாம்புக் காரை நெகிழ்ந்து போன பழங் கிணறுகளும் சரியாமல் நிற்பதன் இரகசியம் இதுவே. சுட்ட களிமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய உறைகிணறுகள் அரிக்கமேட்டிலும் கீழடியிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. இன்று நாம் இறக்குகின்ற சீமெந்து வளையம் அந்தச் சுடுமண் உறையின் வாரிசு என்பதில் ஐயமில்லை.

கிணற்றைப் பற்றிச் சொல்லும்போது, தோட்டக்காரர் அவசியம் அறிந்திருக்கவேண்டிய மற்றொரு விஷயமும் உண்டு. கடற்கரை மணலின் கீழே நன்னீரும் உப்புநீரும் ஒன்றோடொன்று உடனே கலந்துவிடாமல், கனம் குறைந்த நன்னீர் மேலேயும் கனம் மிகுந்த கடல்நீர் கீழேயுமாக இருக்கின்றன. கடல்நீரின் அடர்த்தி நன்னீரின் அடர்த்தியைவிட நாற்பதில் ஒரு பங்கே அதிகம். ஆகையினால், கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு அது கடல்நீரை அமுக்கி நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் பாடன் கைபனும், 1901-இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டு வெளியிட்ட விதி இது. இதில் ஆறுதலும் உண்டு, ஆபத்தும் உண்டு. மேலே ஓர் அடி நன்னீரை இறைத்துத் தாழ்த்திவிட்டால், கீழேயுள்ள உப்பு நாற்பது அடி மேலேறுவதற்கு இடம் தேடத் தொடங்கும் என்பதே அந்த ஆபத்து.

இங்கேயும் வட்டம் நமக்குத் துணை. கிணற்றை நோக்கி நாற்புறத்திலிருந்தும் ஓடிவரும் நீர், அணுக அணுகச் சிறுத்துக்கொண்டே வருகின்ற வட்டங்களைக் கடந்து வரவேண்டும். பத்து மீற்றர் தொலைவிலே அந்த வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 63 மீற்றர். அரை மீற்றர் ஆரமுள்ள ஒரு கிணற்றின் விளிம்பிலோ அது மூன்று மீற்றரைச் சற்றே தாண்டும். அதே அளவு நீர் இருபது மடங்கு குறுகிய வாயிலால் நுழையவேண்டியிருப்பதால் இருபது மடங்கு வேகம் கொள்ளுகிறது. ஒடுங்கிய குழாயை ஆழமாக இறக்கி மோட்டாரால் உறிஞ்சினால், இந்த வேகமும் தாழ்வும் ஓரிடத்திலே குவிந்து, உப்பை நேரே மேலிழுத்துவிடும். அகன்று ஆழம் குறைந்த துரவிலே பட்டையாலோ துலாவாலோ இறைத்த நம் முன்னோர், இறைப்பின் அளவை உடல் வலிமை கட்டுப்படுத்தியமையால், இந்த விதியைக் கேள்விப்படாமலே அதற்கு அடங்கி நடந்தார்கள். 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை கிழக்குக் கரையோரக் கிணறுகளையெல்லாம் உப்பாக்கிய பின்பு, கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்வதால் உப்பு நீங்கவில்லை, மாரி மழையே மணலைக் கழுவி நன்னீரை மீட்டது என்பதை மட்டக்களப்புக் கரையில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின.

இனி வேருக்கு வருவோம். மூதூரின் பெயரை உலகறியச் செய்த மரம் ஒரு புளி. 1660-ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட ‘ஆன்’ என்ற கப்பலின் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்ஸும் கண்டியரசனுடைய ஆட்களிடம் அகப்பட்ட இடம் என்று சொல்லி, ‘வெள்ளைக்காரன் மரம்’ என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. பத்தொன்பது ஆண்டு சிறையிருந்து தப்பிய மகன் 1681-இல் வெளியிட்ட நூலைச் சரித்திரம் பயில்வோர் போற்றுவர். தோட்டம் பயில்வோர்க்கு அந்தப் புளி மரமே ஒரு பாடம். தனித்து நிற்கும் மரமொன்று எத்திசையிலும் தடையின்றி ஒளியைப் பெறுவதனால் அதன் கவிகை வட்டமாக விரிகிறது. மழைநீரின் ஒரு பகுதி அக்கவிகையின் ஓரத்திலே சொட்டுகிறது. நீரை உறிஞ்சுகின்ற நுண்வேர்களோ அடிமரத்தை ஒட்டி இருப்பதில்லை, கவிகை நிழலின் பரப்பிலும் அதற்கு அப்பாலும் பரந்து கிடக்கின்றன. ஆகவே அடிமரத்தில் குடம் குடமாக நீர் ஊற்றுகிறவர் மரத்துக்குச் செய்யும் உபகாரம் சொற்பமே.

தென்னையின் சங்கதி சற்று வேறு. அதற்கு ஆணிவேர் கிடையாது. அடியிலிருந்து ஆயிரக்கணக்கான வேர்கள் சமமாகப் புறப்பட்டு நாற்புறமும் ஓடுகின்றன. அவற்றுள் உணவையும் நீரையும் ஊக்கத்தோடு உறிஞ்சுவன பெரும்பாலும் இரண்டு மீற்றர் ஆரத்துக்குள் அடங்குகின்றன. அதனாலேயே, மரத்தைச் சுற்றி 1.8 மீற்றர் ஆரத்தில் வட்டப் பாத்தி கட்டி, உரத்தையும் நீரையும் அதற்குள்ளேயே இடவேண்டும் என்று தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதித்திருக்கிறது. இவ்வட்டத்தின் பரப்பு பத்துச் சதுர மீற்றருக்குச் சற்று மேல். நூறு லீற்றர் நீரை அதில் விட்டால் ஒரு சென்ரிமீற்றர் மழை பெய்ததற்குச் சமானம். ஒரு வாளி நீரை ஊற்றிவிட்டு மரத்துக்குத் தாகம் தீர்ந்ததென்று எண்ணுகிறவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.

வட்டம் வரைந்தாயிற்று, ஆனால் மணல் மணலாகவே இருக்கும்வரை வட்டத்துக்குள் விட்ட நீரும் கீழே இறங்கிப் போய்விடும். அதைத் தடுத்து வைக்கும் பொருள் தேங்காயின் பொச்சுமட்டை. ஒவ்வொரு வீட்டின் கோடியிலும் குவிந்து, அடுப்பெரிக்கவும் நுளம்புக்குப் புகைபோடவும் மட்டுமே பயன்படும் இம்மட்டையின் நார்களுக்கிடையே இருக்கும் தும்புச்சோறு, தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாத நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றலுடையது; அதிலுள்ள லிக்னின் என்னும் மரச்சத்து எளிதில் மக்காதாகையால், புதைத்த மட்டையின் பயன் ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை நீடிக்கிறது. இதிலே ஒரு நுட்பம் உண்டு. பாத்தியின் கீழே புதைக்கும்போது மட்டையின் குழிந்த பக்கம் மேல்நோக்கியிருக்க அடுக்கவேண்டும். அப்போது ஒவ்வொரு மட்டையும் இறங்கி வரும் நீரை ஏந்திக்கொள்ளும். மேலே மூடாக்காகப் பரப்பும்போது குவிந்த பக்கம் மேல்நோக்கியிருக்கவேண்டும். அப்போது உறுதியான புறத்தோல் வெயிலைத் தடுத்து, மண்ணின் ஈரம் ஆவியாகிப் போகாமல் காக்கும். ஒரே மட்டை, ஒரே வட்டம், ஆனால் கீழே ஒரு முகமாகவும் மேலே ஒரு முகமாகவும் தொழில் செய்கிறது. களப்பு நீரிலே ஊறவைத்துத் தும்பு எடுத்த மட்டையின் சோற்றில் உப்பு தங்கியிருக்கும். அதை ஒரு மாரி மழையில் நனையவிட்ட பின்னரே பாத்தியில் சேர்க்கவேண்டும்.

மற்றொரு பொருள் மண்முட்டி. மெருகு பூசாத சுடுமண் முட்டியைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்து, அதைச் சுற்றி வட்டமாகப் பயிரிடும் முறை மிகப் பழமையானது; கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் சீனாவிலே ஃபான் ஷெங்சி எழுதிய வேளாண் நூலில் அது கூறப்பட்டிருக்கிறது. முட்டியின் சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியே, காய்ந்த மண் நீரை இழுத்துக்கொள்ளுகிறது. மண் நனைந்ததும் இழுப்புத் தளர்ந்து கசிவும் குறைகிறது. செடி குடித்து மண் மீண்டும் காய்ந்ததும் கசிவு தானே தொடங்குகிறது. வேண்டிய போது வேண்டிய அளவு நீர் கொடுப்பதற்கு இதைவிட எளிய யந்திரம் எதையும் நான் அறியேன். இந்தியாவின் கர்நால் நகரிலுள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் இதைச் சோதித்து, சற்று உவர்ப்பான நீரைக்கூட இவ்வழியில் பயன்படுத்தலாம் என்று கண்டார்கள். உப்பு நீரோடு சேர்ந்து வெளிநோக்கி நகர்ந்து ஈர வட்டத்தின் விளிம்பிலே படிந்துவிடுவதனால், முட்டியை ஒட்டிய வேர்களுக்கு அதன் கேடு குறைவு. பங்குனிக்கு மேல் கிணற்று நீர் உவர்ப்பேறுகின்ற வளவுகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

ஆபிரிக்காவிலுள்ள லெசோத்தோ என்னும் மலைநாட்டிலே, ஏறக்குறைய இரண்டு மீற்றர் விட்டமுள்ள வட்டமான கல்மேடை கட்டி, அதன் ஒரு பக்கத்தில் ஆள் நுழைந்து நடுவை எட்டுமளவுக்கு ஒரு வெட்டு விட்டு, நடுவிலே கூடையொன்றை நிறுத்தி, சமையல் கழிவையும் கழுவிய நீரையும் அதில் இட்டுக் கீரை வளர்க்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் திறவுகோல் துளைபோலத் தோன்றுவதால் அப்பெயரே அதற்கு வழங்குகிறது. இதனை நம் ஊரில் அமைப்பதற்கு வேண்டியவை எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் உள்ளன. கல்லுக்குப் பதிலாகச் சூளைச் செங்கல் அல்லது பனங்குற்றி. கூடைக்குப் பதிலாகப் பழைய பனையோலைக் கடகம். உட்புறத்திலே மட்டையும் சருகும் கிளிசரியாத் தழையும் ஆட்டெருவும். சுண்ணாம்புக் காரை பூச விரும்புகிறவர்கள் முருகைக் கல்லைச் சுட்ட சுண்ணாம்பை நாடலாகாது. அக்கல் கரையைக் காக்கும் அரண், அதை எரித்துத் தோட்டம் போடுவது வீட்டுக் கூரையைப் பிரித்து விறகாக்குவதேயாகும். காரையே இல்லாமல் அடுக்கிய செங்கல் வட்டமும், உள்ளிருக்கும் மண்ணின் உயரம் மிகாதவரை நிற்கும். ஆனால் இங்கே மண் உள்ளிருந்து வெளியே தள்ளுவதனால், தென்னந் தும்புக் கயிற்றால் ஒரு சுற்று இறுக்கிக் கட்டுதல் நலம். கிணற்றில் வட்டம் நெருக்கத்தால் நின்றது. மேடையில் அதே வட்டத்துக்குக் கட்டு வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்தவர்களுடைய மேடைகளே முதல் மழையில் பிளக்கின்றன.

கச்சானுக்குக் கதியால் வேலியே தகுந்த மறுமொழி. மதிற்சுவர் காற்றை முற்றாகத் தடுப்பதாகத் தோன்றினாலும், தடுக்கப்பட்ட காற்று மேலே தாவிச் சுவருக்கு அப்பால் சுழன்று விழுந்து செடியை அலைக்கும். பூவரசும் கிளுவையும் தழைத்த வேலி, ஏறக்குறையப் பாதிக் காற்றை ஊடே விட்டுப் பாதியைத் தடுப்பதனால் சுழல் எழுவதில்லை. வேலியின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் தணிகிறது. வெட்டிய தழை பாத்திக்கு எருவாகவும் ஆகிறது. சுவர் கட்டிப் பெருமைப்படுகிறவர்கள் இந்த இலாபத்தை இழக்கிறார்கள்.

இவ்வளவும் கூறியதைக் கொண்டு, நிலமெல்லாம் வட்டமாக இருக்கவேண்டும் என்று நான் வாதிப்பதாக எவரும் கொள்ளலாகாது. வட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சதுர வரிசையில் அடுக்கினால் நிலத்தில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு இடைவெளியாகவே போகும். மிகவும் நெருக்கி முக்கோண வரிசையில் அடுக்கினாலும் ஒன்பது பங்கு மிஞ்சும். தென்னையை முக்கோண முறையில் நட்டால் சதுர முறையைவிட நூற்றுக்குப் பதினைந்து மரம் அதிகம் கொள்ளும் என்பதும் இதே கணிதத்தின் விளைவே. வாய்க்கால் பாயும் வயலுக்கு நேர்வரம்பே உகந்தது. அல்லை நீர்ப்பாசனத் திட்டத்து நெல்வயலிலே போய் வட்டம் வரைவது பேதைமை. மகாவலியின் வண்டல் படிந்த களிநிலத்திலும் பள்ளமான வட்டப் பாத்தி மாரிக்காலத்தில் குளமாகி வேரை அழுகச் செய்யும். அங்கே வட்டத்தை மேடாக்கிக்கொள்ளவேண்டும். சிறு வளவு, மணல் மண், கையால் இறைக்கும் நீர் ஆகிய இம்மூன்றும் கூடிய இடமே வட்டத் தோட்டத்தின் உரிய ஸ்தானம். மூதூரின் கரையோர வளவுகளிலே பெரும்பாலானவை அத்தகையனவே.

இப்போது பல வீடுகளில் முற்றம் முழுவதையும் சீமெந்துக் கல்லால் மூடி, ஓரத்திலே பிளாஸ்ரிக் சாடிகளை வரிசையாக நிறுத்தி, அதற்குத் தோட்டம் என்று பெயர் சூட்டுகிறார்கள். மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லை. இறங்காத மழை கிணற்றின் நன்னீராக மாறுவதுமில்லை. உப்பை அமுக்கி வைத்திருக்கும் அந்த ஓர் அடி நீரை நாமே மறித்துவிட்டு, பின்பு கிணறு உவர்க்கிறதென்று குறைகூறுவதில் நியாயமில்லை.

வட்டம் வரைவதற்கு முளையொன்றும் ஆறடிக் கயிறுமே வேண்டும். தென்னையடியில் முளையடித்துக் கயிற்றைச் சுற்றி இழுத்தால் உரிய பாத்தியின் எல்லை மணலிலே விழுந்துவிடும். அதற்குள் வேர் அறாதபடி ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, மட்டைகளை மேல்நோக்கி அடுக்கி, மண்ணிட்டு மூடி, அதன்மேல் நூறு மட்டையைக் கவிழ்த்துப் பரப்பினால் வேலை முடிந்தது. மட்டையைப் புதைத்த பிறகு அது நனைய ஒரு முழு மாரி வேண்டுமாகையால், புரட்டாதி கழிவதற்குள் இதைச் செய்தாகவேண்டும். வளவிலே ஒரு மரத்துக்காவது இந்த ஆண்டு செய்து, அடுத்த ஆவணியில் பக்கத்து மரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.